பதினாலாவது பாகம்

‘பாதாள மணிமுடி’ நாடகத்தின் பதிமூன்று பாகங்களையும் ஒரு வரி விடாமல் படித்த ஆள் மாரிகுப்பத்தில் ஒருத்திதான். எழுதிய சிவப்பிரகாசமே எழுதி முடித்ததைத் திருப்பிப் பார்த்தவர் இல்லை. நடித்தவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், தங்கள் வசனத்தைக்கூட அவர்கள் படித்தது கிடையாது. படித்தவள் சுலோச்சனா. படித்த பாவத்துக்கு, வருஷா வருஷம் பொங்கல் நெருங்கினால் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

1970 டிசம்பரில் பதினாலாவது பாகத்தின் நோட்டு அவள் கைக்கு வந்தது. தங்கச் சுரங்கத் தொழிலாளர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரீச்சில் அவள் ஆயா. மத்தியானம் பிள்ளைகளைத் தூளியில் போட்டு ஆட்டித் தூங்கவைத்துவிட்டு, சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். முதல் பத்துப் பக்கம் வழக்கமான குப்பை. போன பாகத்தில் செத்த நாகராஜன் நாலாவது தடவையாகப் பிழைத்திருந்தான். இளவரசனுக்கு எங்கிருந்தோ இன்னொரு மாமன் மகள் முளைத்திருந்தாள். எப்படியோ தொலையட்டும் சனியன் என்று பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போனவள் பதினோராம் பக்கத்தில் நின்றாள்.

அங்கே அடைப்புக்குறிக்குள், சிவப்பிரகாசத்தின் உருண்டைக் கையெழுத்தில் இப்படி இருந்தது: ‘குகை பிளக்கிறது. பூமாரி. விளக்குத்தூக்கி வேலன் உயிரோடு வருகிறான்.’

“த்தூ!” என்றாள் சுலோச்சனா. நோட்டை விட்டெறிந்தாள். அது எதிர்ச் சுவரில் பட்டு விழுந்த சத்தத்தில் இரண்டு பிள்ளைகள் விழித்துக்கொண்டு ஒன்றோடொன்று போட்டி போட்டு அழுதன. அவள் தூளிகளை ஆட்டினாள்.

அவளுக்கு ஏன் அப்படிப் பற்றிக்கொண்டு வந்தது என்று தெரிய வேண்டுமானால், அந்த நாடகம் ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்று சொல்லியாக வேண்டும். இன்றைக்குப் பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள். நல்லாத்தான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

சிவப்பிரகாசம் டைம் ஆபீஸ் கிளார்க்கு. ஒவ்வொரு ஷிப்டுக்கும் எத்தனை பேர் கேஜ் என்கிற கூண்டில் இறங்கினார்கள், எத்தனை பேர் ஏறினார்கள் என்று பார்த்து எழுதுகிற வேலை. அங்கே ஒரு பலகை உண்டு. பலகை நிறைய ஆணி, ஆணிக்கு ஒரு பித்தளை டோக்கன். இறங்குகிறவன் தன் டோக்கனை எடுத்துக்கொண்டு போவான், ஏறி வந்தவன் திரும்ப மாட்டுவான். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அந்தப் பலகையைப் பார்த்துப் பார்த்தே ஆறு வருஷம் அவர் மனதுக்குள் ஒரு கதையை வளர்த்திருந்தார். தண்ணீரில்லாத ஒரு நாடு. பூமிக்கு அடியில் ஏழு பாதாளம். அங்கே ஒரு மணிமுடி. இளவரசனும் ஆறு தோழர்களும் இறங்குகிறார்கள். குகை வாசலில் ஒரு பலகை, ஏழு ஆணி, ஏழு டோக்கன்.

மணிமுடியைத் தலையில் வைத்தால் கேட்டது கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு தடவை வைக்கும்போதும், வைத்தவனுக்குப் பிரியமான ஒரு முகம் அவனுக்கு மறந்துபோகும். 1958 பொங்கலுக்கு முதல் பாகம் போட்டார்கள். இளவரசன் நாட்டுக்காக ஒரே ஒரு தடவை முடியை வைத்துக்கொள்கிறான். மழை கொட்டுகிறது. நனைந்துகொண்டே அரண்மனைக்கு ஓடிவருகிறான். வாசலில் நிற்கிற பெற்ற தாயைப் பார்த்து, “அம்மணி, தாங்கள் யார்?” என்று கேட்கிறான். பந்தலில் ஒரு கண் காயவில்லை. தண்ணிக்குழாயில் சண்டை போட்டே பேர் வாங்கிய பாப்பம்மாகூட முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

இளவரசன் வேஷம் கட்டியவர் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த கோதண்டராமன். பட்டும் ஜரிகையும் அவர் கடையிலிருந்து வரும், ஆகவே இளவரசன் அவர்தான். மற்ற எல்லோரும் சுரங்கத்து ஆட்கள். விளக்குத்தூக்கி வேலனாக வந்தவன் அசோகன், சுலோச்சனாவின் புருஷன்.

அசோகன் டிம்பர்மேன். சுரங்கத்துக்குள் மேல்பாறை இறங்காமல் மரத்தால் முட்டுக்கொடுக்கிற வேலை. நாடகத்தில் அவனுக்கு வசனம் குறைவு, விளக்கைத் தூக்கிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நடக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்றாம் பாகத்தில் கதை முடிகிறது என்று பேச்சு. சிவப்பிரகாசம் ஏழு பேரையும் பத்திரமாக மேலே ஏற்றி எழுதிக் கொண்டுவந்திருந்தார். அசோகன் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

“இன்னா சார் நீங்க! ஏழாம் பாதாளம்னு பேர் வெச்சுட்டு ஒர்த்தனுக்கும் ஒண்ணும் ஆவலன்னா அது இன்னா பாதாளம்? பஜாருக்குப் போய்ட்டு வர்ற மாதிரி கீது. நம்ம ஜனம் கீழ போய் வர்ற ஜனம் சார். ஏமாத்தாதீங்க. என்னைச் சாவடிங்க.”

சிவப்பிரகாசம் ஒரு வாரம் யோசித்தார். திருத்தி எழுதினார். குகை சரிகிறது. வேலன் தோளால் முட்டுக்கொடுத்து நிற்கிறான், மற்றவர்கள் அவன் கைக்கு அடியில் நுழைந்து போகிறார்கள். கடைசியாக இளவரசன் தயங்கி நிற்கிறான். இருப்பது ஒரே விளக்கு. வேலன் அதை நீட்டுகிறான். “விளக்கைத் தாங்கள் கொண்டு செல்லுங்கள், இளவரசே. எனக்கு இந்த இருட்டு பழக்கம்தான்.” இளவரசன் வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடக்கிறான். அப்புறம் குகை வாசல். பலகையில் ஆறு டோக்கன் மாட்டப்படுகிறது. ஏழாவது ஆணி காலி. மணிமுடியைக் குழியில் வீசி மண்ணைத் தள்ளுகிறார்கள். திரை.

ஒருத்தரும் கைதட்டவில்லை. எழுந்து நின்றார்கள். ஆண்கள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். சுரங்கக் குழியிலிருந்து செத்தவன் ஒருத்தனைத் தூக்கிவரும்போது எப்படி நிற்பார்களோ அப்படி. அத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதை அது. முடித்திருந்தால் கோலார் வரைக்கும் பேர் சொல்லியிருப்பார்கள்.

முடிக்க விட்டார்களா? அந்த வருஷம் டிசம்பரிலேயே கோதண்டராமன் வந்து நின்றார். “ஜனம் கேக்குது சார், நாலாம் பாகம் எப்போன்னு. இளவரசனைப் பார்க்கணுமாம்.” ஜனம் கேட்டது என்னவோ உண்மைதான். நல்ல சாப்பாடு போட்டால் இன்னும் கொஞ்சம் என்று கேட்கத்தான் செய்வார்கள். அதற்காக அடிப்பிடித்ததைச் சுரண்டிப் போடுவதா? குழியில் புதைத்த மணிமுடி ஒரு எலி வளை வழியாக மேலே வந்தது. எலி வளை! அந்த வரியைப் படித்த அன்றைக்கே சுலோச்சனாவுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

அவள் அந்தக் குழுவுக்குள் வந்த விதமே தனிக் கதை. சுரங்கத்து ஆளுக்கு ஒரு வாரம் காலை ஷிப்டு, மறுவாரம் மத்தியானம், அதற்கடுத்து ராத்திரி. எப்போது உட்கார்ந்து வசனம் மனப்பாடம் பண்ணுவது? ஆகவே மொத்தக் குழுவும் பிராம்ப்டரை நம்பித்தான் இருந்தது. பிராம்ப்டர் சொல்ல வேண்டும், இவர்கள் முழங்க வேண்டும். முதலில் இருந்த பிராம்ப்டருக்கு நெஞ்சுச்சளி. அவர் இருமல் கடைசி வரிசைவரைக்கும் கேட்டது. “என் ஊட்டுக்காரி எட்டாங்கிளாஸ் படிச்சுகீறா, கணீர்னு படிப்பா” என்று அசோகன்தான் அவளைக் கொண்டுவந்தான். பொம்பளை எங்கே உட்காருவாள் என்று ஒரு பஞ்சாயத்து. மேடைக்கு நடுவே முன்னால் ஒரு பள்ளம் தோண்டினார்கள். சுரங்கத்து ஆட்களுக்குப் பள்ளம் தோண்டச் சொல்லித்தர வேண்டுமா? இடுப்பளவு ஆழம், உள்ளே ஒரு முக்காலி, தலைக்கு மேல் தகரக் கூரை. ஜனத்துக்கு அவள் தெரியமாட்டாள், நடிகர்களுக்கு மட்டும் முகம் தெரியும். பக்கமண் சரியாமல் அசோகன் நாலு புறமும் கட்டை நிறுத்தி, கீழே சுரங்கத்தில் செய்வது போலவே முட்டுக்கொடுத்தான். “பூகம்பம் வந்தாலும் உனுக்கு ஒண்ணும் ஆவாது” என்றான்.

அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நடித்தார்கள். நடித்தார்கள் என்பதுகூடத் தப்பு. அவள் வாயில் வந்தது அவர்கள் வாயில் வந்தது. ஐந்தாம் பாகத்தில் ஒரு தடவை அவளுக்குத் தும்மல் வந்துவிட்டது. மந்திரி வேஷக்காரர் ஒரு கணம்கூட யோசிக்காமல் அவையைப் பார்த்துக் கம்பீரமாகத் தும்மினார். இன்னொரு தடவை பள்ளத்துக்குள் ஒரு நாய்க்குட்டி குதித்தது. “ச்சீ, போ அந்தாண்ட!” என்றாள். நாகராஜன் மகாராணியைப் பார்த்து, “ச்சீ, போ அந்தாண்ட!” என்று உறுமினான். பந்தலில் விசில் பறந்தது. அந்த வசனத்தை அடுத்த வருஷத்திலிருந்து நோட்டிலேயே எழுதிவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், நாடகம் எந்த லட்சணத்தில் இருந்தது என்று.

மூன்றாம் பாகத்துக்கு அப்புறம் அசோகன் வேஷம் கட்டவில்லை. வேறு பாத்திரம் தருகிறோம் என்றார்கள். “செத்தவன் இன்னொரு வேஷத்துல வந்தா நல்லாவா இருக்கும்?” என்று சொல்லிவிட்டு, கூட வேலை செய்த கோவிந்தராஜோடு சேர்ந்து திரை இழுக்கப் போனான். 1963 ஆகஸ்டில் கீழே பாறை வெடித்தது. ஏர் பிளாஸ்ட் என்பார்கள். வீட்டு அலமாரியில் பாத்திரம் கலகலவென்று ஆடினால், லைன் வீட்டுப் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்பார்கள். அன்றைக்கும் நின்றார்கள். கோவிந்தராஜ் கால் நொறுங்கி மேலே வந்தான். அசோகன் வரவில்லை. பலகையில் ஓர் ஆணி காலியாக இருந்தது. அதைப் பார்த்து ரிஜிஸ்தரில் எழுதியவர் சிவப்பிரகாசம்தான்.

மூன்றாம் நாள் உடம்பைக் கொண்டுவந்தார்கள். பௌத்த சங்கத்துப் பெரியவர்கள் வந்து திரிசரணம் சொன்னார்கள். ஆத்மா எங்கேயோ போய் எப்படியோ வருகிறது என்ற பேச்செல்லாம் அந்த வீட்டில் கிடையாது. வந்தது போகும், போனது போனதுதான், இருக்கிறவரைக்கும் ஒழுங்காக இரு என்பதுதான் பௌத்தக் குடும்பத்தில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. அது கசப்பாக இருந்தது. ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டுதான் ஏழு வருஷத்தை ஓட்டினாள். பள்ளத்தையும் அவள் விடவில்லை. அந்த முட்டுக்கட்டைகளில் அவன் உளி பட்ட தடம் இருந்தது. அதற்காகவே அந்தக் கண்றாவியையெல்லாம் வாயால் படித்தாள்.

கண்றாவி இல்லாமல் வேறென்ன? ஆறாம் பாகத்தில் கோதண்டராமன் பெங்களூரிலிருந்து கப்பியும் கயிறும் வாங்கிவந்தார், அதனால் கதையில் பறக்கும் குதிரை வந்தது. கதைக்காகக் குதிரையா, கயிற்றுக்காகக் கதையா? ஏழில் நாகராஜனுக்கு ரெட்டைப் பிறவி. ஒன்பதில் அந்த ரெட்டைக்கும் ஒரு அண்ணன். தாய் முகத்தையே தின்ற மணிமுடி, குளிக்கப் போகிறவன் தலையில் துண்டு போடுவது போல ஆகிவிட்டது. பசித்தால் வைத்துக்கொள்வான், வழி தெரியாவிட்டால் வைத்துக்கொள்வான், ஒரு முகமும் மறக்கமாட்டான். “அந்த மறதி இன்னா ஆச்சு சார்?” என்று சுலோச்சனா கேட்டபோது, “அது பழைய பாகம்மா, யாருக்கு ஞாபகம் கீது?” என்றார் சிவப்பிரகாசம். எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. மனுஷன் சந்திரனில் இறங்கினான் என்று பேப்பரில் வந்ததும் பதிமூன்றாம் பாகத்தில் இளவரசனும் சந்திரனுக்குப் போனார். அதற்குள் கோதண்டராமனுக்குத் தொப்பை விழுந்து, கப்பி தாங்காமல், நாலு அடி உயரத்திலேயே சந்திரன் வந்துவிட்டது.

இவ்வளவையும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சகித்தாள். யாரை வேண்டுமானாலும் பிழைக்கவைக்கட்டும். வேலனைத் தொடவில்லை, அது போதும் என்று இருந்தாள். இப்போது அதையும் தொட்டுவிட்டார்கள்.

கிரீச் விட்டதும் நேரே சிவப்பிரகாசத்தின் வீட்டுக்குப் போனாள். அவர் முறத்தில் கடலை வைத்து உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் நோட்டை அவர் மடியில் போட்டாள்.

“இன்னா சார் இது?”

அவர் பக்கத்தைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை. “உக்காரும்மா. உனக்குச் சந்தோஷமா இருக்கும்னுதான்...”

“சந்தோஷமா? ஆணி காலியா கீதே சார், அத இன்னா பண்ணப்போறீங்க? பதினோரு வருஷமா அந்த ஆணி காலி. நீங்கதான் வெச்சீங்க. டைம் ஆபீசுல உக்காந்து எழுதுற ஆளு நீங்க. போன ஆளு வந்துட்டான்னு அங்க எழுதுவீங்களா?”

சிவப்பிரகாசம் கடலைத் தோலை ஊதினார். அவர் கெட்டவர் இல்லை. களைத்துப்போன மனுஷன். “முதல் பாகத்த ஆறு வருஷம் மனசுல வெச்சிருந்தேன், சுலோச்சனா. இப்ப ஆறு வாரம் குடுக்கறாங்க. உள்ள ஒண்ணும் இல்லம்மா. வறண்டுபோச்சு. போன வருஷம் பாதி ஜனம் எழுந்து போய்ட்டாங்க. ஜவுளிக்கடை முதலாளி சொல்றார், ஜனத்துக்கு அழுகை வரவெச்ச ஒரே ஆள் வேலன், அவன எழுப்புனா கூட்டம் வரும்னு. நான் இன்னா சொல்றது?”

“முடிஞ்சுபோச்சுன்னு சொல்றது!”

“அத மூணாம் பாகத்துலயே சொல்லியிருக்கணும்” என்றார் அவர். உண்மையைச் சொன்னார். ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டு நோட்டைத் துடைத்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார் பாருங்கள், அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. தப்பு என்று தெரிந்தே செய்கிற ஆளிடம் என்ன பேசுவது?

மறுவாரம் மாரிகுப்பம் ஸ்டேஷன் சுவரிலிருந்து பஜார் வரைக்கும் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். ‘வேலன் திரும்பி வருகிறான்!’ தண்ணிக்குழாயில் பாப்பம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “உன் ஊட்டுக்காரரு திரும்ப வர்றாராமே! கேட்டதுலேர்ந்து எனுக்கு சோறே எறங்கலடி, அத்தினி சந்தோஷம்!” பாப்பம்மா மனசில் கள்ளம் இல்லை. அதனாலேயே அது ஊசி மாதிரி இறங்கியது. சுலோச்சனா குடத்தை நிறைக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஒத்திகையில் கோதண்டராமன் பெரிய மனசோடு பேசினார். “இந்தாம்மா, இது உன் புருஷனுக்கு நாங்க பண்ற மரியாதை. அந்தப் பழைய விளக்கு உன்கிட்டதானே கீது? கொண்டாந்துடு. நம்ம புது வேலன் சகாயம் அதையே தூக்கட்டும்.”

“மரியாதையா முதலாளி? அவுரு கேட்ட மரியாதை ஒண்ணே ஒண்ணுதான். என்னைச் சாவடிங்கன்னு கேட்டாரு.”

“ஆய்த்து, ஆய்த்து” என்று கையை ஆட்டினார் அவர். கன்னடத்தில் ஆய்த்து என்றால் பேச்சு முடிந்தது. பஜார்க்காரர் அப்படித்தான் எந்தப் பேரத்தையும் முடிப்பார்.

வேலனாக வரப்போகிற சகாயம் பாறையைத் துளைக்கிற டிரில் மெஷினில் வேலை செய்கிற ஆள். நல்ல உயரம், கணீர்க்குரல். மெஷின் சத்தத்தில் பாதிக் காது போயிருந்ததால், வாயசைவைப் படிப்பதில் மற்ற எல்லாரையும்விடக் கெட்டிக்காரன். அசோகன் காலத்து நாடகத்தை அவன் பார்த்ததில்லை. அப்போது அவன் குடும்பம் வேறு ஊரில் இருந்தது. “அக்கா, டபுள் ஷிப்டு பாக்கறேன்கா. ஒரு வரிகூடப் படிக்கல. நீங்க பாத்துக்கங்க” என்றான். அவனைக் கோபித்து என்ன புண்ணியம்?

நான் வரமாட்டேன் என்று கோவிந்தராஜிடம் சொன்னாள். அவன் நொண்டிக் காலை நீட்டி உட்கார்ந்து திரைக்கயிற்றுக்கு மெழுகு தடவிக்கொண்டிருந்தான். “நீ வராட்டி வேற ஒர்த்தன் அந்தப் பள்ளத்துல உக்காருவான். அசோகன் கட்டுன பள்ளத்துல. அவன் படிப்பான், இவன் சொல்லுவான். உனுக்குப் பரவால்லன்னா வராத” என்றான். பரவாயில்லை என்று விட அவளுக்கு மனசு வரவில்லை. விளக்கை எடுத்துத் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி ஷிப்டுக்காரர்கள் பார்க்க வசதியாக முதல் ஆட்டம் எப்போதும் மத்தியானம்தான். பந்தல் தட்டியெல்லாம் கறுப்புத் துணி போட்டு மூடியிருந்தார்கள். பக்கத்துச் சுரங்கமான சாம்பியன் ரீப்ஸிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய கூட்டமே பாதிப் பந்தல். பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு கூட்டம் இல்லை. கோதண்டராமன் திரையின் ஓரத்தை ஒதுக்கிப் பார்த்துவிட்டு, “பார்த்தீங்களா சார்!” என்று சிவப்பிரகாசத்தின் முதுகில் தட்டினார். மேடையின் பக்கவாட்டில் கடைசிக் காட்சிக்கான பலகை தயாராகச் சாத்தி இருந்தது. புதுப் பெயிண்டு. ஏழு ஆணியிலும் ஏழு டோக்கன். பள்ளத்தில் இறங்கும்போது சுலோச்சனா அதைப் பார்த்தாள்.

பத்துப் பக்கமும் ஒழுங்காகப் போயிற்று. அவள் சொன்னாள், அவர்கள் முழங்கினார்கள். நாகராஜன் தொடையைத் தட்டினான். மாமன் மகளாக வந்த ஆள் வெட்கப்பட்டுக் கழுத்தைச் சாய்த்தான். அப்புறம் குகை பிளந்தது. மேலே இருந்து செவ்வந்திப் பூவைக் கூடையோடு கொட்டினார்கள். தாரை ஊதினார்கள். பூவுக்கு நடுவே, அசோகனின் விளக்கைத் தூக்கிக்கொண்டு சகாயம் வந்து நின்றான்.

ஜனம் கூச்சல் போட்டது. “வேலன்! வேலன்டா!” பாப்பம்மாவின் குரல் தனியாகக் கேட்டது. சகாயம் குனிந்து பள்ளத்தைப் பார்த்தான். வசனம் வேண்டும் அவனுக்கு.

நோட்டில் இருந்தது இது: ‘இளவரசே! நான் சாகவில்லை! இத்தனை வருடம் இருட்டில் உறங்கிக்கொண்டிருந்தேன்!’

சுலோச்சனா வாயைத் திறந்தாள். வரவில்லை. உறங்கிக்கொண்டிருந்தானாம்! மூன்று நாள் பாறைக்கு அடியில் கிடந்து, முகம் பார்க்க வேண்டாம் என்று துணி போட்டு மூடிக் கொண்டுவந்த ஆளை, உறங்கினான் என்று அவள் வாயாலேயே சொல்ல வேண்டுமாம். இவர்கள் கையில் அகப்பட்டால் எதற்கும் விலை கிடையாது. அம்மா முகத்துக்கு விலை இல்லை, இருட்டுக்கு விலை இல்லை, சாவுக்கும் விலை இல்லை. சீ என்று வந்தது அவளுக்கு. கூட்டம் அடங்கிவிட்டது. சகாயத்தின் நெற்றியில் வியர்வை அரிதாரத்தைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. கண்ணால் கெஞ்சினான். அவள் பக்கத்திலிருந்த முட்டுக்கட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். நோட்டை மூடினாள். அவன் முகத்தைப் பார்த்து, உதடு நன்றாகத் தெரியும்படி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

சகாயத்துக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நெஞ்சை நிமிர்த்தி விளக்கை நீட்டினான்.

“விளக்கைத் தாங்கள் கொண்டு செல்லுங்கள், இளவரசே. எனக்கு இந்த இருட்டு பழக்கம்தான்.”

பந்தலில் ஒரு குழந்தைகூடச் சிணுங்கவில்லை. கோதண்டராமன் அப்படியே நின்றார். பள்ளத்தைப் பார்த்தார், ஜனத்தைப் பார்த்தார். பதினாலு பாகத்தில் அந்த மனுஷன் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒரே ஒரு காரியம். அந்த வசனம் கேட்டால் விளக்கை வாங்க வேண்டும், திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். மனசு மறந்திருந்தாலும் உடம்பு மறக்கவில்லை. கை தானாக நீண்டது. விளக்கை வாங்கினார். தொப்பை குலுங்க, ஜரிகை இழுபட, திரும்பிப் பார்க்காமல் நடந்து உள்ளே போய்விட்டார். மேடையில் சகாயம் மட்டும் பூவுக்கு நடுவே இருட்டில் நின்றான்.

கோவிந்தராஜ் யாரையும் கேட்கவில்லை. கயிற்றை விட்டான். திரை விழுந்தது.

கைதட்டல் இல்லை. பெஞ்சுகள் நகர்கிற சத்தம் கேட்டது. எழுந்து நிற்கிறார்கள் என்று பள்ளத்துக்குள் இருந்தே சுலோச்சனாவுக்குத் தெரிந்தது. யாரோ ஒரு கிழவர், “துண்ட எடுங்கடா” என்று பின்வரிசையை அதட்டினார்.

உள்ளே கோதண்டராமன் குதித்தார். “இன்னாய்யா இது! இன்னும் நாப்பது பக்கம் கீது! குதிரை கீது! யார்யா திரைய விட்டது?” கோவிந்தராஜ் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். சிவப்பிரகாசம் அந்தப் புதுப் பெயிண்டுப் பலகைக்கிட்டே போனார். ஏழாவது ஆணியிலிருந்து டோக்கனைக் கழற்றினார். அதை என்ன செய்வது என்று தெரியாதவர் போலக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சகாயம் திரைக்கு அடியில் மண்டிபோட்டுப் பள்ளத்துக்குள் எட்டிப்பார்த்தான். பாவம், முகமெல்லாம் செவ்வந்தி இதழ்.

“அக்கா, அடுத்த டயலாக் இன்னாக்கா?”

சுலோச்சனா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“அவ்ளோதாம்பா. செத்தவனுக்கு ஏது அடுத்த டயலாக்கு? போய் மூஞ்சக் கழுவு.”